தாவர எஸ்டர் கூலன்ட்: கோவை லேத் பட்டறைகள் வாங்கலாமா?

முதலிலேயே முடிவைச் சொல்லிவிடுகிறோம். தாவர எஸ்டர் கலந்த சால்யூபிள் கூலன்ட், அதாவது தண்ணீரில் கலந்து உலோகம் வெட்டும் இடத்தில் ஊற்றும் எண்ணெய், வெட்டும் வேலையில் நல்ல சரக்கு. ஸ்டெயின்லெஸ் ஷாஃப்ட், டாப்பிங் (துளைக்குள் மரை வெட்டுவது), ரீமிங் (துளையை அளவுக்குச் சீராக்குவது), ஆழத் துளை என்று ஓட்டும் பட்டறைகள் தயங்காமல் வாங்கலாம். நாள் முழுக்க இ.என். 8 எஃகுக் கடைசல் மட்டும் ஓடும் பட்டறைக்கு இது அவசியம் இல்லை. டப்பாவில் போட்ட பச்சை இலையைப் பார்த்து, சுற்றுச்சூழலுக்காக மட்டுமே வாங்க நினைப்பவர்கள் அதற்கு முன்னால் மெஷினின் கூலன்ட் டேங்க்கைத் திறந்து பார்க்க வேண்டும். ஏன் என்பதைக் கணக்கோடு கீழே சொல்கிறோம்.

எந்தக் கம்பெனியையும் பெயர் சொல்லி இங்கே மதிப்பிடவில்லை. கணபதி, பீளமேடு, குறிச்சி சிட்கோ பக்கம் 20 லிட்டர் கேனிலும் 210 லிட்டர் பேரலிலும் கிடைக்கும் இந்த வகைச் சரக்கைத்தான் எடுத்துக்கொள்கிறோம். வழக்கமான சால்யூபிள் ஆயிலில் அடிப்படை எண்ணெய் பெட்ரோலியத்திலிருந்து வந்த மினரல் ஆயில். எஸ்டர் வகையில் அந்த இடத்தில், பாமாயில், கடுகினத்து ரேப்சீட் போன்ற எண்ணெய்களின் கொழுப்பு அமிலத்தை ஆல்கஹாலோடு சேர்த்துச் செய்த எஸ்டர் முழுதாகவோ பாதியாகவோ இருக்கும். மற்றதெல்லாம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே: எமல்சிஃபையர் (எண்ணெயைத் தண்ணீரோடு கலந்து வைப்பது), துருத் தடுப்பான், அமீன் (காரத்தன்மை தருவது), நுரை அடக்கி, கிருமிநாசினி.

வெட்டும்போது

எஸ்டர் மூலக்கூறின் ஒரு முனைக்கு இரும்பின் மேல் ஒட்டிக்கொள்ளும் குணம் உண்டு. மினரல் ஆயிலுக்கு அது கிடையாது. அதனால்தான் மினரல் கூலன்ட்டில் குளோரின், கந்தகம் சேர்ந்த அழுத்தத் தாங்கிகளைக் கூடுதலாகப் போடுகிறார்கள். வித்தியாசம் எங்கே தெரியும் என்றால், வேகம் குறைந்து உரசல் கூடும் இடங்களில். டாப், ரீமர், த்ரெட் ரோலிங், எஸ்.எஸ். 410 ஸ்டெயின்லெஸ் ஷாஃப்ட்டில் டிரில்லிங். டாப் இறங்கும்போது வரும் கிறீச் சத்தம் அடங்கும், ரீமர் போட்ட துளையின் ஃபினிஷ் கூடும், இன்சர்ட் (கருவியில் மாட்டும் வெட்டு முனை) விளிம்பில் பொருள் ஒட்டிக்கொள்வது குறையும். எஸ்டரின் ஃபிளாஷ் பாயின்ட் (ஆவி தீப்பற்றும் வெப்பநிலை) அதே கனமுள்ள மினரல் ஆயிலைவிட உயரம் என்பதால் சூட்டில் எழும் புகையும் குறைவு. மூடியில்லாத பழைய லேத்துகளில் நாள் முழுக்க நிற்கும் ஆபரேட்டருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

வேகமாக ஓடும் கார்பைடு கடைசலில் நிலைமை வேறு. அங்கே கூலன்ட்டின் முதல் வேலை சூட்டை இழுப்பது. சூட்டை இழுப்பது தண்ணீர். எமல்ஷனில், அதாவது கூலன்ட்டைத் தண்ணீரில் கலந்த பால் போன்ற கலவையில், 93 முதல் 95 சதம் தண்ணீர்தான். மீதி எஸ்டரா மினரலா என்பது அந்த வேலைக்குப் பெரிதாகத் தெரியாது. பம்ப் கேசிங் போன்ற வார்ப்பிரும்பு ஜாப்களில் முடிந்த இடத்தில் கூலன்ட் இல்லாமலே ஓட்டுவது மேல். கிராஃபைட்டும் இரும்புப் பொடியும் கலந்த கரிச்சேறு எந்தக் கூலன்ட்டையும் சீக்கிரம் கெடுக்கும்.

கன்மெட்டல், பித்தளை இம்பெல்லர் வெட்டுகிறவர்கள் ஒரு துண்டை எமல்ஷனில் பாதி முங்கும்படி ஓர் இரவு போட்டு வையுங்கள். பச்சை அல்லது கருப்புக் கறை விழுந்தால் அந்தச் சரக்கு உங்கள் ஜாபுக்கு ஆகாது. அமீன் செம்பைத் தின்னும். தண்ணீர் பச்சையாக மாறினால் செம்பு கரைகிறது என்று அர்த்தம்.

மண்ணில் மக்குவது டேங்க்கிலும் மக்கும்

விற்பனையில் சொல்லாமல் விடும் விஷயம் இதுதான். மண்ணில் இருக்கும் பாக்டீரியா சுலபமாகத் தின்னக்கூடிய எண்ணெய் என்றால், டேங்க்கில் இருக்கும் பாக்டீரியாவுக்கும் அது நல்ல சாப்பாடு. போதாததற்கு, எஸ்டர் தண்ணீரோடு சேர்ந்து மெல்ல உடைந்து மறுபடி கொழுப்பு அமிலமாகும். அமிலம் கூடினால் பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) இறங்கும், பி.எச். இறங்கினால் பாக்டீரியா பெருகும். பாக்டீரியா விடும் அமிலத்தால் பி.எச். இன்னும் இறங்கும். புதுக் கலவையில் 9.0 முதல் 9.4 வரை இருக்க வேண்டிய பி.எச். 8.5க்குக் கீழே போய்விட்டால் ஜாபில் துரு, டேங்க்கில் நாற்றம் இரண்டும் ஒன்றாக வரும்.

ஆக, கவனிப்பில்லாத பட்டறையில் எஸ்டர் கூலன்ட் மினரலைவிடச் சீக்கிரம் கெட வாய்ப்பு அதிகம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை டேங்க்கை வழித்துக் கொட்டும் பட்டறையில் இதை வாங்கி ஊற்றினால், விலையேறிய கழிவுதான் மிஞ்சும்.

தண்ணீர்: கோவைக்குப் பாதி பிரச்சினை இங்கே

இந்த ஊரில் இரண்டு தண்ணீர். சிறுவாணி மிக மென்மையானது. போர் தண்ணீர் பல இடங்களில் உப்பும் கடினமுமானது. இரண்டுமே கூலன்ட்டுக்கு ஒவ்வொரு வகையில் தொந்தரவு. கடினத்தன்மை 100 பி.பி.எம்.முக்குக் (பத்து லட்சம் பங்கில் நூறு பங்கு) கீழே இருந்தால் நுரை பொங்கும். 400 பி.பி.எம்.மைத் தாண்டினால் எமல்ஷன் பால் திரிவது போலத் திரியத் தொடங்கும். எஸ்டர் உடைந்து வந்த கொழுப்பு அமிலம் கால்சியத்தோடு சேர்ந்து சோப்புக் கட்டியாகி, ஃபில்டரிலும் நாசிலிலும் வெள்ளைப் பிசினாக ஒட்டும். எஸ்டர் கூலன்ட் போட்டதும் பிசின் வருகிறது என்ற புகார்களில் பலவற்றுக்கு இந்தக் கால்சியம் சோப்புதான் காரணம்.

முதல் நாள் கலவை நன்றாக இருந்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். ஒரு 200 லிட்டர் டேங்க்கில் தினம் 10 லிட்டர் குறைகிறது என்று வையுங்கள். அதில் 7 லிட்டர் ஆவியாகப் போகிறது, 3 லிட்டர் சீவலோடும் ஜாபோடும் போகிறது. ஆவியாகும் தண்ணீர் உப்பைக் கொண்டு போவதில்லை. 400 பி.பி.எம். போர் தண்ணீரையே தினம் ஊற்றி வந்தால் 26 வேலை நாளில் டேங்க்கின் கடினத்தன்மை சுமார் 700 பி.பி.எம்.முக்கு ஏறிவிடும். அதற்கு மேலும் ஏறும். பெரும்பாலான சரக்குகள் இதைத் தாங்காது.

வழி இதுதான். முதல் நிரப்பலுக்கு 100 முதல் 200 பி.பி.எம். தண்ணீர்; சிறுவாணியில் போரைக் கொஞ்சம் கலந்தே இந்த அளவைக் கொண்டுவரலாம். அதன் பிறகு தினசரி ஊற்றும் கலவைக்கு சிறுவாணியோ ஆர்.ஓ. தண்ணீரோ மட்டும். உப்புப் போட்டு ஓட்டும் சாஃப்ட்னரை நம்பிவிடாதீர்கள். அது கால்சியத்தை எடுத்துச் சோடியத்தைத் தருகிறது. குளோரைடு அப்படியே இருக்கும். குளோரைடு 100 பி.பி.எம்.மை நெருங்கினால் கடைந்து வைத்த ஜாப் மறுநாள் காலையில் துருவேறிப் பழுத்திருக்கும். மீன்தொட்டிக் கடையில் விற்கும் கடினத்தன்மைப் பட்டைகள் இந்த வேலைக்குப் போதும்.

கலப்பது

கன்சன்ட்ரேட்டை (கேனில் வரும், தண்ணீர் சேர்க்காத கூலன்ட்) தண்ணீரில் ஊற்ற வேண்டும். தண்ணீரைக் கன்சன்ட்ரேட்டில் ஊற்றினால் தயிர்க்கட்டி மாதிரித் திரண்டு நிற்கும். பிறகு எவ்வளவு கலக்கினாலும் சரியாகாது. 7 சதக் கலவைக்கு 186 லிட்டர் தண்ணீரில் 14 லிட்டர் கன்சன்ட்ரேட். தண்ணீர் ஓட்டத்திலேயே கன்சன்ட்ரேட்டை இழுத்துக் கலக்கும் வென்ச்சுரி மிக்ஸர் வைத்திருந்தால் இந்தக் கவலை இல்லை.

கலவையின் சதத்தை அளப்பதற்கு, ஒளி வளைவதை வைத்துச் செறிவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் கட்டாயம். அதில் தெரியும் பிரிக்ஸ் எண்ணை அந்தச் சரக்கின் காரணியால் பெருக்கினால்தான் உண்மையான சதம் வரும். காரணி டேட்டா ஷீட்டில் இருக்கும், 1.0 என்றும் இருக்கலாம், 2.0 என்றும் இருக்கலாம். சரக்கை மாற்றிவிட்டுப் பழைய காரணியையே வைத்துப் படிப்பதால் கலவை பாதியாகவோ இரண்டு மடங்காகவோ போகிறது. பாதியானால் துரு. 10 சதத்துக்கு மேல் போனால் ஆபரேட்டரின் விரலிடுக்கில் அரிப்பும் வெடிப்பும்.

தினசரி டாப்-அப் வெறும் தண்ணீராக இருக்கக் கூடாது. மேலே சொன்ன கணக்குப்படி, வெளியே போகும் 3 லிட்டர் எமல்ஷனில் 210 மி.லி. கன்சன்ட்ரேட் போகிறது. ஆகவே ஊற்றும் 10 லிட்டரில் அந்த 210 மி.லி. இருக்க வேண்டும், அதாவது ஏறக்குறைய 2 சதக் கலவை.

துரு எந்தச் சதத்தில் தொடங்குகிறது என்பதை உங்கள் தண்ணீரிலேயே சோதித்துக்கொள்ளலாம். ஜெர்மனியின் டின் 51360-2 முறை எளிது: வட்ட ஃபில்டர் பேப்பரில் 2 கிராம் சுத்தமான வார்ப்பிரும்புச் சீவல், அதன் மேல் 2 மி.லி. எமல்ஷன், மூடி வைத்து இரண்டு மணி நேரம். கழுவிவிட்டுப் பேப்பரில் பழுப்புக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். 3, 4, 5, 6 சதம் என்று நான்கு பேப்பர் வைத்தால் எந்த அளவுக்குக் கீழே இறங்கக் கூடாது என்பது தெரிந்துவிடும். கூலன்ட் கம்பெனியின் ஆள் வரும்போது அவர் கொண்டுவந்த தண்ணீரில் காட்டும் சோதனையைவிட இது நம்பகமானது.

மிதக்கும் எண்ணெய்

மெஷினின் ஸ்லைடுவேக்கு (நகரும் பாகங்கள் வழுக்கும் பாதை) போடும் 68 நம்பர் எண்ணெய், ஹைட்ராலிக் கசிவு எல்லாம் கடைசியில் கூலன்ட் டேங்க்கில்தான் சேரும். மேலே படலமாகப் பரவி அது காற்றை அடைத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை பம்ப் ஓடாது. காற்றில்லாத இடத்தில் வாழும் பாக்டீரியா சல்ஃபேட்டைத் தின்று ஹைட்ரஜன் சல்ஃபைடு விடும். திங்கள் காலை அழுகிய முட்டை நாற்றம் அங்கிருந்து வருவது. எஸ்டர் கூலன்ட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. எமல்சிஃபையர் வலுவான சில சரக்குகள் இந்தக் கசிவு எண்ணெயையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். பார்க்கச் சுத்தமாக இருக்கும், ரிஃப்ராக்டோமீட்டர் அதிகமாகக் காட்டும், ஆனால் துருப்பிடிக்கும்.

மிதக்கும் எண்ணெயைப் பட்டையில் ஏற்றி வழித்தெடுக்கும் பெல்ட் ஸ்கிம்மர் ஒன்று போதும். அதை மெஷின் நின்ற பிறகு ஒரு மணி நேரம் ஓட்ட வேண்டும். பம்ப் ஓடும்போது எண்ணெய் கலங்கிக் கிடப்பதால் பெல்ட்டில் ஏறாது. விடுமுறை நாளில் மீன்தொட்டிக்கு வைக்கும் சின்னக் காற்று பம்பை டேங்க்கில் போட்டு விடுங்கள். கசிவு எண்ணெய் 2 சதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் எஸ்டர் சரக்கு ஒரு வருடம் தாராளமாக ஓடும். கசியும் சீலை மாற்றுவது இதைவிட நல்லது என்பதைத் தனியாகச் சொல்லவேண்டியதில்லை, ஆனாலும் தள்ளிப்போடாமல் செய்யுங்கள்.

நாற்றத்துக்கு ஃபினாயிலோ பிளீச்சிங் பவுடரோ போடவே கூடாது. பிளீச்சிங் பவுடர் கால்சியத்தையும் குளோரைடையும் ஒரே நேரத்தில் கொண்டுவந்து எமல்ஷனைத் திரித்து ஜாபைத் துருப்பிடிக்க வைக்கும். டிப் ஸ்லைடில் (பாக்டீரியாவை எண்ணும் சோதனைப் பட்டை) ஒரு மி.லி.க்கு பத்து லட்சம் பாக்டீரியா தெரிந்தால், அதற்கென்று உள்ள மருந்தை அளவறிந்து போடலாம். அந்த நிலைக்கு வந்த டேங்க்கைப் பெரும்பாலும் கழுவி நிரப்புவதே நல்லது.

கழுவும்போது அவசரம் கூடாது. கொட்டுவதற்கு ஒரு நாள் முன்னால் சிஸ்டம் கிளீனரை அதன் லேபிளில் சொன்ன அளவில் பழைய கூலன்ட்டிலேயே ஊற்றி ஓட விட வேண்டும். பிறகு வடித்து, மூலையில் படிந்த சேறு முழுவதையும் கையால் அள்ளி, குழாய்களுக்குள் புதுக் கூலன்ட்டின் 1 சதக் கலவையை ஓட்டி அலசி, அதையும் வடித்த பிறகுதான் புதியது. பழைய கூலன்ட் கொஞ்சம் தேங்கி நின்றாலே புதியதற்கு அதே நோய் தொற்றிவிடும்.

கணக்கு

அதே 200 லிட்டர் டேங்க், வருடம் 300 வேலை நாள். மினரல் கூலன்ட் 5 சதம், கவனிப்பில்லாமல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொட்டினால்: நிரப்ப 40 லிட்டர், டாப்-அப்புக்கு 45 லிட்டர், ஆக 85 லிட்டர் கன்சன்ட்ரேட், 800 லிட்டர் கழிவு. எஸ்டர் 7 சதம், நல்ல கவனிப்போடு வருடம் ஒருமுறை: 14 லிட்டரும் 63 லிட்டரும் சேர்ந்து 77 லிட்டர், கழிவு 200 லிட்டர். இதை மட்டும் காட்டித்தான் எஸ்டரை விற்பார்கள். மூன்றாவது கணக்கு ஒன்று உண்டு. அதே மினரல் கூலன்ட்டை அதே கவனிப்போடு வருடம் முழுக்க ஓட்டினால் 55 லிட்டர், கழிவு அதே 200 லிட்டர்.

எஸ்டர் விலை மூன்று மடங்கு என்று வைத்துக்கொண்டால், 77 லிட்டருக்கு 231 லிட்டர் மினரலின் பணம் போகும். இதை நியாயப்படுத்த வேண்டியது கருவி ஆயுள், ரிஜெக்ஷன், புகை ஆகியவற்றில் கிடைக்கும் லாபம். எஸ்.எஸ். வேலையில் அது கிடைக்கும். உடைந்த டாப்பை ஜாபிலிருந்து எடுக்கும் செலவை நினைத்தாலே தெரியும். சாதாரணக் கடைசலில் கிடைக்காது. கழிவு 800 லிட்டரிலிருந்து 200 லிட்டராகக் குறைந்தது ஸ்கிம்மராலும் நல்ல தண்ணீராலும். பட்டறை முதலாளிகள் இந்த ஒன்றை மட்டும் ஏற்றுக்கொண்டாலே இந்த ஊருக்குப் பெரிய நன்மை.

கொட்டும் நாள்

மக்கும் என்பதால் சாக்கடையில் விடலாம் என்ற எண்ணம் ஆபத்தானது. நீர்நிலையில் விடும் கழிவுநீரில் எண்ணெய், கிரீஸ் லிட்டருக்கு 10 மி.கி.யைத் தாண்டக் கூடாது என்பது மத்திய அரசின் பொது வரம்பு. 7 சத எமல்ஷன் ஒரு லிட்டரில் 70 கிராம் கன்சன்ட்ரேட் இருக்கிறது. அதில் பாதிதான் எண்ணெய் என்றாலும் 35,000 மி.கி., வரம்பைப் போல 3,500 மடங்கு. சீக்கிரம் மக்குவது என்றால் தண்ணீரில் இருக்கும் ஆக்ஸிஜனைச் சீக்கிரம் குடிப்பது என்றும் பொருள். நொய்யலிலோ சிங்காநல்லூர் குளத்திலோ போய்ச் சேர்ந்தால் மீனுக்கு முதல் சாவு அதனால்தான் வரும். அத்துடன், ஓடிய கூலன்ட்டில் கார்பைடிலிருந்து கரைந்த கோபால்ட், ஸ்டெயின்லெஸ்ஸின் குரோமியம், நிக்கல், பித்தளையின் ஈயம், கசிவு எண்ணெய் எல்லாம் இருக்கும். இவை மக்காது.

2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி பயன்படுத்திய எண்ணெயும் எண்ணெய் கலந்த கழிவும் அபாயகரக் கழிவு. 90 நாளுக்கு மேல் பட்டறையில் வைக்கக் கூடாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்றவரிடம் படிவத்தோடு ஒப்படைக்க வேண்டும். ஸ்கிம்மரில் எடுத்த கசிவு எண்ணெயைத் தனி டிரம்மில் வையுங்கள். அதைச் சுத்திகரிப்பவர் வாங்குவார். கூலன்ட்டோடு கலந்துவிட்டால் அதற்கும் நீங்கள்தான் பணம் கொடுக்க வேண்டிவரும். எஸ்டர் எமல்ஷனைப் படிகாரம் போட்டுப் பிரிப்பதும் எப்போதும் எளிதாக நடக்காது. எமல்சிஃபையர் அயனி இல்லாத வகை என்றால் படிகாரத்துக்கு மசியாது. ஆவியாக்கியோ அல்ட்ராஃபில்ட்ரேஷனோதான் (நுண்சவ்வில் வடிகட்டுவது) வழி. வாங்கும் முன்பே விற்பவரிடம் இதைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

லேபிளில் கேட்க வேண்டியவை

‘90 சதம் மக்கும்’ என்று போட்டிருந்தால் எந்தச் சோதனையில் என்று கேளுங்கள். ஓ.இ.சி.டி. 301பி என்றால் 28 நாளில் 60 சதமாவது கரியமில வாயுவாக மாறியிருக்க வேண்டும், இதை நம்பலாம். சி.இ.சி. எல்-33 என்றால் 21 நாளில் எண்ணெயின் முதல் உடைவை மட்டும் பார்க்கும் பழைய சோதனை. இரண்டின் எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது. சோதித்தது அடிப்படை எஸ்டரையா, முழுக் கன்சன்ட்ரேட்டையா என்பது அடுத்த கேள்வி. அடிப்படை எண்ணெய் மக்கும். அதில் போட்ட கிருமிநாசினி?

பாதுகாப்புத் தாளில், அழுத்தத் தாங்கியாகப் போடும் குளோரினேற்ற பாரஃபின் இருக்கிறதா என்று பாருங்கள். அதன் குறுஞ்சங்கிலி வகையை 2017இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை ஒழிக்க வேண்டிய பட்டியலில் சேர்த்தது. எஸ்டர் அடிப்படையோடு இதையும் சேர்த்து விற்றால் அந்தப் பச்சை இலைக்கு மதிப்பில்லை. நைட்ரைட்டும் டைஎத்தனால்அமீனும் ஒன்றாக இருந்தால் தொடவே வேண்டாம். இரண்டும் சேர்ந்து புற்றுநோய் தரும் நைட்ரோசமைனை உண்டாக்கும். எஸ்டரின் அயோடின் எண் கிடைத்தால் கேளுங்கள். கூடுதலாக இருந்தால் ஆளிவிதை எண்ணெய் காய்வது போல மெஷின் கண்ணாடியிலும் ஸ்லைடிலும் மஞ்சள் பிசினாகக் காயும். பழைய லேத்தின் பெயின்ட்டையும், ஸ்லைடைத் துடைக்கும் பாலியூரித்தேன் வைப்பரையும் இது ஊற வைக்கக்கூடும். ஒரு பழைய வைப்பர் துண்டைக் கன்சன்ட்ரேட்டில் ஒரு வாரம் போட்டு, முன்னும் பின்னும் தடிமனை வெர்னியரில் அளந்தால் தெரியும்.

எஸ்டரின் மூலப்பொருள் பாமாயில் என்றால், இந்தியாவுக்கு அது பெரும்பாலும் இந்தோனேசியா, மலேசியாவிலிருந்து வருகிறது. அங்கே காட்டை அழித்துப் போட்ட தோட்டமா என்பதற்குச் சான்று இல்லாமல் ‘தாவரம்’ என்ற ஒரு சொல் போதாது.

டேங்க்கே வேண்டாம் என்று போகக்கூடிய வேலைகளும் உண்டு. அலுமினியம் மில்லிங், பேண்ட்சா போன்றவற்றுக்கு மணிக்கு 10 முதல் 50 மி.லி. எஸ்டர் எண்ணெயைக் காற்றோடு தெளிக்கும் எம்.க்யூ.எல். முறை நன்றாக நடக்கும். கொட்டுவதற்குக் கழிவே இல்லை, சீவலும் காய்ந்து நல்ல விலைக்குப் போகும். ஆழத் துளைக்கும் கிரைண்டிங்குக்கும் ஆகாது. சீவலை அடித்துத் தள்ளவும் சூட்டை இழுக்கவும் அங்கே வெள்ளமாகக் கூலன்ட் வேண்டும்.

வாங்க முடிவு செய்தவர்கள் பேரலுக்குப் போகாமல் முதலில் ஒரு 20 லிட்டர் கேன் வாங்கி, டாப்பிங் அதிகமுள்ள ஒரே ஒரு மெஷினில் ஊற்றுங்கள். ஸ்கிம்மரும் தண்ணீரும் சரியான பிறகு ஊற்றுங்கள். தினம் காலை பிரிக்ஸ், வாரம் ஒருமுறை பி.எச்., மாதம் ஒருமுறை கடினத்தன்மை. மெஷினிலேயே தொங்கும் அட்டையில் ஆபரேட்டர் கையால் எழுதட்டும். ஒரு டாப்புக்கு எத்தனை துளை என்பதையும் அதே அட்டையில் குறித்து, பக்கத்து மெஷினின் மினரல் கணக்கோடு 60 நாள் ஒப்பிடுங்கள். ஏப்ரல், மே வெயிலில் இந்தச் சோதனையைச் செய்தால் ஆவியாதலும் பாக்டீரியாவும் உச்சத்தில் இருக்கும். அதைத் தாங்கிய சரக்கு மழைக்காலத்தில் தொல்லை தராது.